புலம்பெயர்வா, வெளியேற்றமா?

ஜெர்மனியின் கிழக்கு விளிம்பாக இருந்த சைலீசியாவில் கிரைசாவ் என்றொரு சின்ன ஊர். இன்று அது போலந்தின் க்ஷிஜோவா. ஹிட்லரை எதிர்த்தவர்கள் 1942, 43-இல் மோல்ட்கே குடும்பத்துப் பண்ணையில் கூடிப் பேசிய ஊர். அதைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றில், 'போருக்குப் பின் ஜெர்மானியர்கள் புலம்பெயர்ந்தனர்' என்றிருந்தது. இந்த வரியை எத்தனையோ இடங்களில் படித்தாயிற்று. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

போருக்குப் பின் சைலீசியா போலந்துக்குப் போனதும் அங்கிருந்த ஜெர்மானியர்களைத் துரத்தினார்கள். அதற்கு ஜெர்மன் சொல் 'ஃபெர்ட்ரைபுங்'. 'ட்ரைபன்' என்றால் ஓட்டுதல். மாட்டை ஓட்டுகிறோமே, அந்த ஓட்டுதல். 'ஃபெர்' முன்னால் சேர்ந்தால் இருந்த இடத்தை விட்டே துரத்துவது.

புலம்பெயர்தலில் இந்தத் துரத்தல் எங்கே இருக்கிறது? பெயர்தல் தன்வினை, பெயர்த்தல்தான் பிறவினை. பட்டினப்பாலையின் 'புலம்பெயர் மாக்கள்' காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்தவர்கள். போருக்குத் தப்பிய ஈழத்தமிழர் அச்சொல்லைத் தமக்கு வைத்துக்கொண்டு அதில் வலியை ஏற்றினார்கள், உண்மை. ஆனாலும் அது போனவரைச் சொல்லும், துரத்தியவரைச் சொல்லாது.

'இடமாற்றம்' இன்னும் மோசம். வாத்தியாருக்கும் தாசில்தாருக்கும் வருவது இடமாற்றம். 1945-இல் போரில் வென்ற நாடுகள் செய்த போட்ஸ்டாம் ஒப்பந்தம் அப்படியொரு சாதுவான சொல்லைத்தான் போட்டது, அதுவும் ஒழுங்காக, மனிதத்தன்மையோடு நடக்க வேண்டும் என்று. கிழக்கு ஜெர்மனி அரசு 'குடிமாறியோர்' என்றே எழுதியது. இப்படி வீடிழந்து போன ஜெர்மானியர் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர். அதிகாரிகள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஏன் சுமக்க வேண்டும்? யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று கேட்காமலே அகராதியில் முதலில் கண்டதை ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

'நாடுகடத்தல்' என்பதும் பொருந்தாது. அது ஒருவரைத் தன் நாட்டிலிருந்து அனுப்புவது; இங்கே எல்லைக்கோடே நகர்ந்து, ஊர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

நம்மிடம் 'வெளியேற்றம்' இருக்கிறது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் துரத்தியதை அந்த மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பட்டவர் வாயில் பழகிய தமிழ்ச்சொல் அது. தானாக வெளியேறியதும் அதில் தொனிக்குமே என்று ஐயப்படுவோர் 'வெளியேற்றப்பட்டனர்' என்று முழு வினையாக எழுதட்டும்.

அந்தக் கட்டுரையின் அடுத்த பத்தியில், காலியான வீடுகளுக்குப் போலந்துக் குடும்பங்களும் 'புலம்பெயர்ந்து' வருகின்றன. சைலீசியாவுக்கு அப்படி வந்தவர்களில் பலர், சோவியத் எடுத்துக்கொண்ட கிழக்குப் போலந்தில் தங்கள் வீட்டை விட்டு அனுப்பப்பட்டவர்கள்.