வேலை பாக்குற எடத்துல ஆபத்து கண்ணுல பட்டா என்ன பண்ணணும், சட்டம் என்னங்க சொல்லுது?

திருப்பூர் பனியன் கம்பெனியாகட்டும், கோயம்புத்தூர் ஃபவுண்டரியாகட்டும், சோமனூர் பக்கம் தறிக்குடோனாகட்டும், நம்ம ஊர்ப்பக்கம் நெறைய வீட்டுல யாராச்சும் ஒருத்தர் மெஷின் பக்கத்துல நின்னுதான் சம்பாதிக்கறாங்க. அடிபட்டா ஈஎஸ்ஐ பாத்துக்கும்ங்கறது ஓரளவுக்கு எல்லாத்துக்கும் தெரியும். ஆனா அடிபடறதுக்கு முன்னாடியே "இது சரியில்லீங்க, மாத்திக் குடுங்க"ன்னு கேக்கறதுக்கும் சட்டத்துல உரிமை இருக்குன்னு நெறைய பேருக்குத் தெரியறதில்லை, அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முன்னாடி 1948 ஃபேக்டரி சட்டம் இருந்துச்சு. இப்ப 2025 நவம்பர் 21ல இருந்து அதுக்குப் பதிலா 2020ல பாஸான தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துருக்குது. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துக்கெல்லாம் பொதுவா இது பொருந்தும். இதுல மூணு விசயம் தொழிலாளிக்கு ரொம்ப முக்கியம்ங்க. வேலை எடத்தை ஆபத்து இல்லாம வெச்சுக்கறது முதலாளியோட கடமை. பாதுகாப்புக்காகப் பண்ற எதுக்கும், க்ளவுஸ், மாஸ்க்ல இருந்து மெடிக்கல் செக்கப் வரைக்கும், உங்க சம்பளத்துல காசு பிடிக்கக்கூடாது. அப்பறம், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருக்குன்னு நியாயமா உங்களுக்குத் தோணுச்சுன்னா, கம்பெனிக்கும் சொல்லலாம், அதே சமயத்துல அரசாங்க ஆய்வாளருக்கும் சொல்லலாம். கம்பெனிகிட்ட சொல்லி முடிச்சுட்டு அப்பறமாத்தான் ஆய்வாளர்கிட்ட போகணும்னு கட்டாயம் இல்லீங்க.

சரி, ஆபத்துன்னா எதைப் பாக்கறது? பெரிய மெஷின் வெடிக்கறதை எல்லாம் நெனைக்காதீங்க, தெனமும் தாண்டிப் போறதுலதான் இருக்குது. அயர்ன் டேபிளையே எடுத்துக்கங்க. அயர்ன் பாக்ஸுக்குள்ள ஒயர் நுழையற கழுத்து இருக்குதில்ல, நாள் முழுக்க முன்னயும் பின்னயும் இழுத்து இழுத்து அந்த எடம்தான் மொதல்ல உறை கிழிஞ்சு உள்கம்பி தெரிய ஆரம்பிக்கும், அதுக்கு மேல கருப்பு டேப் சுத்தி மாசக்கணக்குல ஓட்டிருப்பாங்க, கீழ தரையில ஸ்டீம் தண்ணி வேற சொட்டிட்டு இருக்கும். டேப் சுத்தறது ரிப்பேரே இல்லீங்க. முழு ஒயரையும் மாத்தணும், ஒயரை மேல இருந்து தொங்க விட்டா டேபிள் விளிம்புல உரசாது, அந்த லைனுக்கு ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், இருக்கோணும், அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை எலக்ட்ரீசியன் அப்பப்ப அமுக்கி ட்ரிப் ஆகுதான்னு பாக்கணும். ட்ரிப் ஆகலைன்னா அது மாட்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது பெல்ட் கவர். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் மெஷின்ல பெல்ட் மாத்தறதுக்காகக் கழட்டுன கவரை அப்படியே மூலைல போட்டுட்டு பீஸ் ரேட் அவசரத்துல ஓட்டுவாங்க, துப்பட்டாவோ சடையோ மாட்டறதுக்கு ஒரு நிமிசம் ஆகாது. கவர் இல்லாத மெஷின்ல ஒக்காரச் சொன்னா "கவர் போட்டுக் குடுங்கண்ணா, ஒக்காந்துக்கறேன்"னு சொல்லுங்க, தப்பே இல்லை. காம்பேக்டிங் ரோலர், ப்ரிண்டிங் மெஷின்லயும் இதேதான். ஓடறப்ப துணி எடுக்கறது, துடைக்கறது, எண்ணெய் விடறது கூடாது, நிறுத்திட்டுத்தான். அட்டைப்பெட்டி அடுக்கி மறைச்ச எமர்ஜென்சி கதவு, பூட்டு போட்ட கதவு, டியூப்லைட்டு மேல படிஞ்ச பஞ்சு, இதெல்லாம் பாத்ததும் சொல்ல வேண்டியது.

சாயப்பட்டறைல வேலை செய்யறவங்க இதை மட்டும் மறக்கவே மறக்காதீங்க. கழிவுத் தொட்டிக்குள்ள தேங்குன சகதிலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்ச நேரத்துல ஆளைச் சாய்ச்சுரும், அளவு கூடிப்போச்சுன்னா வாசனை கூடத் தெரியாது. உள்ள விழுந்தவரைக் காப்பாத்தறேன்னு எறங்குனவங்களும் சேந்து போயிருக்காங்க. உள்ள வாயு இல்லைன்னு தகுதியான ஆள் சோதிச்சு எழுத்துல குடுக்கணும், இல்லாட்டி மூச்சுக்கருவியும் பெல்ட்டும் கயிறும் போட்டு, கயிறோட மறுமுனையை வெளிய ஒருத்தர் பிடிச்சிருக்கணும்ங்கறது 1948 சட்டத்துலயே இருந்த விதிங்க. ஒண்ணும் இல்லாம "சும்மா எறங்கிட்டு வா"ன்னு யாரு சொன்னாலும் எறங்காதீங்க.

சொல்றது எப்படின்னா, மொதல்ல சூப்பர்வைசர்கிட்ட வாயால சொல்லலாம், பொழுதோட ஒரு வாட்சப் மெசேஜாவும் போட்டு வெச்சுருங்க. எந்த மெஷின், எந்த எடம், என்ன பிரச்சனை, தேதி, ஒரு போட்டோ, அவ்வளவுதான். "ஃபேக்டரி சரியில்லை"ன்னு எழுதுனா யாரும் கண்டுக்க மாட்டாங்க, "மூணாவது லைன் அயர்ன் டேபிள்ல ஒயர் கிழிஞ்சு ஷாக் அடிக்குது"ன்னா எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டே ஆகோணும். தனியாச் சொல்ல யோசனையா இருந்தா லைன்ல நாலு பேரு சேந்து சொல்லுங்க, பாதுகாப்புக் கமிட்டி இருக்கற பெரிய கம்பெனின்னா கமிட்டி மெம்பர் மூலமாச் சொல்லலாம். அப்பவும் நடக்கலைன்னா, ஆய்வாளருங்க இருக்கற தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு குடுங்க. உடனடி ஆபத்துன்னா மேல சொன்ன மாதிரி காத்திருக்க வேண்டியதில்லை, நேராவே குடுக்கலாம்.

எல்லாத்தையும் மீறி அடிபட்டுருச்சுன்னா, சின்னக் காயமா இருந்தாலும் விபத்துப் பதிவேட்டுல எழுதச் சொல்லுங்க. பின்னாடி சீழ் பிடிச்சு லீவு போடறப்ப அந்தப் பதிவுதான் பேசும். மாசச் சம்பளம் 21,000 ரூபா வரைக்கும் ஈஎஸ்ஐல வருவீங்க, உங்க பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. வேலையால வந்த காயத்துக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்கணும்னு கணக்கு எதுவும் கிடையாது, வேலைக்குச் சேந்த மொத நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்துல சுமார் 90 சதவீதம் வரும். வேலைக்கு வர்றப்பவோ வீட்டுக்குப் போறப்பவோ வழியில அடிபட்டாக்கூட, அது வேலையோட சம்பந்தப்பட்ட பயணம்னு நிரூபணம் ஆனா அதையும் வேலைக் காயமாத்தான் எடுத்துக்குவாங்க. கம்பெனி வேன்ல, டூவீலர்ல வர்றவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

கான்ட்ராக்ட்ல, ஜாப் வொர்க் யூனிட்ல இருக்கறவங்க உங்க பேருல ஈஎஸ்ஐ நம்பர் போட்டுருக்காங்களான்னு இந்த வாரமே கேட்டு வாங்கிருங்க. சம்பளச் சீட்டுல பிடித்தம் இருக்குது, ஆனா நம்பர் தரமாட்டேங்கறாங்கன்னா பக்கத்து ஈஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல சம்பளச் சீட்டோட நேர்ல போய்க் கேளுங்க.