திரைக்கு முன்னால் யார்? ரூட் சேவைக்குத் தெரியாது

ஓர் அலுவலகத்தில் இரண்டு ஷிப்டுக்கும் ஒரே உபுண்டு (லினக்ஸ்) கணினி. ஒரு கோப்பு பேக்கப் ஆனதும் அதன் பெயரோடு திரையில் ஓர் அறிவிப்பு வரவேண்டும் என்றார்கள். பேக்கப் எடுப்பது ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கில், ஓடும் பின்னணிச் சேவை. யாரெல்லாம் லாகினில் இருக்கிறார்கள் என்று 'ஹூ' கட்டளை தரும் பட்டியலில் முதல் பெயரை எடு, அவருக்கு அனுப்பு என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். சோதித்தபோது கச்சிதமாக வந்தது. சோதித்தது நான் ஒருவன்தானே!

காலை ஷிப்ட்காரர் லாக் அவுட் செய்யமாட்டார், 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய செஷன் (லாகின் அமர்வு) பின்னால் அப்படியே இருக்கும், 'ஹூ' பட்டியலில் அவரே முதல் பெயர். மாலையில் வருபவர் எழுதி வைத்திருந்த ராஜினாமா கடிதத்தின் கோப்புப் பெயர், மறுநாள் காலை முதலாமவரின் அறிவிப்புப் பட்டியலில் கிடந்தது. மதியத்துக்குள் மேலாளருக்கும் தெரிந்துவிட்டது.

வேறு குறுக்குவழிகளும் கைகொடுக்காது. ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சூடோ, தன்னை அழைத்தவரின் பெயரை 'சூடோ_யூசர்' மாறியில் விட்டுச்செல்லும்; ஆனால் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி நேரடியாகத் தொடங்கும் சேவையில் அது இருக்காது. அந்தச் சேவைக்குள்ளிருந்து '/ப்ராக்/செல்ஃப்/லாகின்யூஐடி' கோப்பைப் படித்தால் 4294967295 என்று வரும். பயனர் எண் அல்ல அது. மைனஸ் ஒன்றின் 32 பிட் வேஷம். இந்த ப்ராசஸ் (ஓடும் நிரல்) யாருடைய லாகினிலிருந்தும் பிறக்கவில்லை என்று பொருள். 'ஹூ' வழக்கமாக நம்பியிருக்கும் யூடிஎம்பி என்ற லாகின் பதிவுக் கோப்போ, 2038-க்குப் பிறகு நேரத்தைச் சரியாகக் குறிக்க முடியாத பழைய சரக்கு. ஓபன்சூசே என்ற லினக்ஸ் வகை அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது.

சரி, யாரைக் கேட்பது? லாகின்களைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி-லாகின்டியை. கணினியோடு நேரடியாக இணைந்த திரையும் விசைப்பலகையும் அதற்கு 'சீட்0'. 'லாகின்சிடிஎல் ஷோ-சீட் சீட்0' கொடுத்தால், இந்த நிமிடம் திரையைப் பிடித்திருக்கும் செஷனின் எண் 'ஆக்டிவ்செஷன்' வரியில் வரும். அதை வைத்து 'ஷோ-செஷன்' கேட்டு, 'கிளாஸ்' என்ன என்று பாருங்கள். 'யூசர்' என்றால் ஆள் இருக்கிறார். 'க்ரீட்டர்' என்றால் அது லாகின் திரை; அங்கே வரும் ஜிடிஎம் என்ற பெயரை (லாகின் திரையை நடத்தும் நிரலின் கணக்கு அது) மனிதர் என்று நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து வந்தவர்கள் சீட்0-வில் சேரமாட்டார்கள், அது ஒரு நிம்மதி. அனுப்பும்போதும் ரூட்டாக அனுப்பாமல், 'ரன்யூசர்' மூலம் அந்தப் பயனராக மாறி, '/ரன்/யூசர்/1000/பஸ்' (1000 என்பது பயனர் எண்) போன்ற அவருடைய டி-பஸ் முகவரிக்கு, அதாவது நிரல்கள் தமக்குள் பேசும் வழிக்கு, அனுப்ப வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது: திரைக்கு முன்னால் யார் என்பது இங்கே கேள்வியே இல்லை. கோப்பு யாருடையது? அது கோப்பின் உரிமையாளர் எண்ணிலேயே இருக்கிறது. இப்போது ஒவ்வொருவரின் செஷனிலும் ஒரு குட்டி நிரல் ஓடுகிறது. அது யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசும் வழி) வழியாகச் சேவையிடம் வந்து கேட்கும். கேட்பவரின் பயனர் எண்ணை 'எஸ்ஓ_பியர்க்ரெட்' மூலம் இயங்குதளத்தின் மையமான கர்னலே சொல்லிவிடுவதால் பெயரை மாற்றிச் சொல்ல வழியில்லை. அவருடைய கோப்புகளுக்கான செய்தி மட்டும் அவருக்குப் போகும். அவர் லாகின் செய்யாத நாளில் செய்தி சேவையிடமே காத்திருக்கும்.