ஹோலோகாஸ்ட்: ‘இனப்படுகொலை’ என்று பெயர்த்தால் போதுமா?

ஜனவரி 27 வந்தால் ‘சர்வதேச இனப்படுகொலை நினைவு நாள்’ என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. அது தவறு. ஹிட்லரின் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமை 1945இல் சோவியத் படை விடுவித்த அந்த நாளை ஐ.நா. 2005இல் ஹோலோகாஸ்ட் நினைவு நாளாக, அதாவது நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்ததன் நினைவு நாளாக, அறிவித்தது. இனப்படுகொலைக்கு ஆளான அனைவருக்குமான ஐ.நா. நாள் டிசம்பர் 9. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் வாசகர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்?

‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ முழுமை, ‘கௌஸ்டோஸ்’ எரிந்தது. எபிரேய வேதத்தின் ‘ஓலா’ என்னும் பலியைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இச்சொல்லை ஆண்டார்கள். லத்தீன், பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு தீயால் நேரும் முழு நாசத்துக்கும், அதன்பின் எந்தப் பெருநாசத்துக்கும் ஆகிவந்தது.

மூலப் பொருளுக்குத் தமிழில் அச்சொட்டான சொல் எப்போதோ வந்துவிட்டது. லேவியராகமம் முதல் அதிகாரத்தைப் பாருங்கள்: ‘சர்வாங்க தகனபலி’. தோல் மட்டும் ஆசாரியனுக்கு. மற்றதெல்லாம் பலிபீடத்தில் எரியும். அந்த முழுமையைச் ‘சர்வாங்க’ தாங்குகிறது. கத்தோலிக்கர் வழங்கும் ‘எரிபலி’ நல்ல தமிழ்தான், ஆனால் முழுமை அதில் விடுபட்டுப்போகிறது. ‘முழு எரிபலி’ என்றால் இரண்டும் கிடைக்கும்.

நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றதைக் குறிக்கும்போதுதான் சிக்கல். ‘இனப்படுகொலை’ என்பது வேறொரு சொல்லுக்கு, ‘ஜெனோசைட்’ என்பதற்கு, வழங்கும் பெயர். போலந்து யூதச் சட்ட அறிஞர் ராபேல் லெம்கின் 1944இல் ஆக்கிய அச்சொல் ஒரு குற்றவகையின் பெயர். ஆர்மீனியாவுக்கும் ருவாண்டாவுக்கும் அது பொருந்தும். ஹோலோகாஸ்ட் ஒரே ஒரு வரலாற்று நிகழ்வின் பெயர். ‘ஹோலோகாஸ்ட் ஓர் இனப்படுகொலை’ என்ற சாதாரண வாக்கியத்தை, இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்பவர்கள் எப்படிப் பெயர்ப்பார்கள்? ‘இனப்படுகொலை ஓர் இனப்படுகொலை’ என்றா? ‘இனப்படுகொலை மறுப்பு ஜெர்மனியில் குற்றம்’ என்று எழுதினால் எந்த இனப்படுகொலை என்ற கேள்வி எழாதா?

ஜெனோசைடுக்கே அந்தச் சொல் சரியா என்பது அடுத்த வழக்கு. 1948 ஐ.நா. உடன்படிக்கை ஐந்து செயல்களைச் சொல்கிறது. கொலை அவற்றில் ஒன்றுதான். பிறப்பைத் தடுப்பதும், பிள்ளைகளைப் பறித்து வேறு இனத்தாரிடம் கொடுப்பதும் அதில் உண்டு. படுகொலை என்ற சொல்லுக்குள் இவை அடங்கா. ஈழத்தமிழர் எழுத்தில் வழங்கும் ‘இனவழிப்பு’ இதற்கு மேலானது.

மூலத்தைப் பின்பற்றி ‘தகனம்’, ‘எரிப்பு’ என்று போவதும் ஆகாது. உக்ரைனில் கீவ் நகரை ஒட்டிய பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யூதர்களை அடைத்துவைத்த நகர்ப்பகுதிகளான கெட்டோக்களில் பட்டினியால் மாண்டவர்கள் ஏராளம். மேலும், பலி என்றால் யாரோ கடவுளுக்குப் படைத்ததாகிவிடும். அந்தச் சாயலுக்காகவே யூதர் பலர் ஹோலோகாஸ்டை ஒதுக்கி எபிரேயத்தின் ‘ஷோவா’வை ஆள்கிறார்கள். அதன் பொருள் பேரழிவு.

அப்படியானால் ‘யூதப் பேரழிவு’ போதுமே என்பார்கள். போதாது. அழிவு தன்வினை, அழிப்பு பிறவினை. சுனாமியால் வருவது பேரழிவு. அங்கே குற்றவாளி இல்லை. இங்கே திட்டமிட்டவர்கள் இருந்தார்கள், ரயில் ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு வகரத்தைப் பகரமாக்கினால் அவர்கள் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டைத் தமிழே கையில் கொடுத்திருக்கும்போது பெயர்ப்பாளர்கள் அதை வீசியெறிவது பொறுக்க முடியாதது.

ஆகவே ‘யூதப் பேரழிப்பு’. யூதர்கள் செய்த அழிப்பு என்று யாரும் மயங்காதபடி முதல்முறை ‘நாஜிகளின் யூதப் பேரழிப்பு’ என்று முழுதாக எழுதிவிடலாம். அணு ஆயுதப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் ‘ஹோலோகாஸ்ட்’ வந்தால் யூதரும் இல்லை, இனமும் இல்லை. அங்கே ‘அணு ஊழித்தீ’ என்று எழுதினால் தீயும் முழுமையும் சேர்ந்தே வரும்.