தொல்லை அழைப்புக்கு 1909, பணம் போனால் 1930: எதற்கு எங்கே புகார் செய்வது?

போன் தொல்லையைப் பற்றிப் பேச்செடுத்தால் கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எத்தனை நம்பரைத்தான் பிளாக் பண்றது?" பிளாக் செய்தால் உங்கள் போனில் மட்டும் அந்த எண் அடங்கும். கூப்பிட்டவர் அடுத்த சிம்மை எடுப்பார், அல்லது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். அந்த இணைப்பையே துண்டிக்க வேண்டுமென்றால் புகார் செய்ய வேண்டும். அதற்கு அரசு மூன்று தனித்தனி வழிகள் வைத்திருக்கிறது. விற்பனைத் தொல்லைக்கு 1909. மோசடி போலத் தெரிகிறது, ஆனால் பணம் எதுவும் போகவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' என்ற புகார்ப் பிரிவு. பணம் போய்விட்டால் 1930. இந்த மூன்றையும் மாற்றிப் போட்டுக்கொள்வதில்தான் பலருக்கும் சிக்கல் வருகிறது. பணத்தை இழந்தவர் சக்ஷுவில் எழுதிவிட்டுக் காத்திருந்தால், அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். மத்திய உள்துறை அமைச்சகமும் மாநிலக் காவல்துறைகளும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு இது. தொடங்கிய புதிதில் எண் 155260 ஆக இருந்தது. பழைய எண்ணை யாராவது சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் கிழித்துவிடலாம். நீங்கள் சொல்லும் விவரம் வங்கிகளும் யுபிஐ நிறுவனங்களும் இணைந்திருக்கும் ஒரே அமைப்பில் ஏறும். பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்றோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் யாரும் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்தும் நகர்ந்திருந்தால் அதற்கடுத்த வங்கிக்குத் தகவல் போகும். மோசடிக்காரர்கள் பணத்தைச் சின்னச் சின்னத் தொகையாகப் பிரித்துப் பல கணக்குகளுக்கு அனுப்பி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மகனிடம் சொல்லலாமா, மானம் போகுமே என்று யோசித்துக்கொண்டு ஒரு ராத்திரி போனால், பெரும்பாலும் பணமும் போனதுதான்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. எந்த வங்கிக் கணக்கு அல்லது எந்த யுபிஐ செயலி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன, கூப்பிட்ட எண் எது. பரிவர்த்தனை எண் வங்கிக் குறுஞ்செய்தியிலோ செயலியின் வரலாற்றிலோ இருக்கும். பேசி முடித்ததும் ஒப்புகை எண் ஒன்று வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முறையான புகாரையும் ஒரு நாளைக்குள் பதிந்துவிடுங்கள். 1930-இல் லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், நேராகத் தளத்திலேயே பதியலாம். வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

வங்கிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ஏடிஎம் அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி எடுத்த எண்ணுக்குப் பேசி இரண்டாம் முறை ஏமாறுவதும் நடக்கிறது. வங்கிக்குச் சொல்வதில் சட்டப்படியே ஒரு லாபம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால், நட்டம் உங்களுடையது ஆகாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு: வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் உங்கள் தலையில். ஆனால் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. ஓடிபி கொடுத்தாச்சு, இனி சொல்லி என்ன பயன் என்று சும்மா இருந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

சரி, பணம் எதுவும் போகவில்லை, ஆனால் நாள் முழுக்கக் கடன் வேணுமா, மனை வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமா என்று அழைப்பு. இதற்குத்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் விதிமுறை கொண்டுவந்தது. உங்கள் போனிலிருந்து 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் எல்லா விளம்பர அழைப்புக்கும் தடை. 1909-ஐ அழைத்துச் சொன்னாலும் சரி, டிராயின் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதீர்') செயலியில் பதிந்தாலும் சரி. முழுத்தடை வேண்டாம், மனை விற்பவர்கள் மட்டும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்றால் வகை பிரித்தும் தடுக்கலாம். வங்கி, காப்பீடு, கடன் எல்லாம் 1, ரியல் எஸ்டேட் 2, கல்வி 3, மருத்துவம் 4 என்று 8 வகைகள் இருக்கின்றன. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பிள்ளை பெற்றவர்கள் 3-ஐத் தடுத்து வைத்தால் கல்லூரி ஏஜெண்டுகளிடமிருந்து கொஞ்சம் மூச்சு விடலாம். வங்கி அனுப்பும் ஓடிபி, பணம் எடுத்த தகவல் இவற்றுக்கு இதனால் தடை வராது.

பதிந்த பிறகும் அழைப்பு வருகிறதே என்பவர்கள் பலர். வரத்தான் செய்யும். பதிவு செய்த நிறுவனங்கள்தான் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒதுங்கும். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து கூப்பிடும் ஆள் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. விதிப்படி விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும்; வங்கி போன்ற நிறுவனங்கள் உங்கள் கணக்கு தொடர்பாகப் பேச 1600 வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் சாதாரண எண்ணிலிருந்து ஒருவர் எதையாவது விற்கப் பார்த்தாலே விதிமீறல். இங்கேதான் 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. முன்பு 3 நாட்களுக்குள் புகார் சொல்ல வேண்டும். இப்போது 7 நாட்கள் வரை அவகாசம். பதிவு செய்யாத எண்ணிலிருந்து வந்த அழைப்பு என்றால், நீங்கள் டிஎன்டியில் பதிந்திருக்காவிட்டாலும் புகார் செல்லும். தொலைபேசி நிறுவனம் 5 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்பு இது 30 நாட்கள். ஓர் எண்ணின் மேல் 10 நாட்களில் 5 புகார்கள் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் தடவை என்றால் 15 நாட்களுக்கு அந்த ஆளால் வெளியே அழைக்க முடியாது. திரும்பவும் செய்தால் அவர் பெயரில் உள்ள இணைப்புகள் எல்லா நிறுவனங்களிலும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும்.

5 புகார் என்பது பெரிய எண்ணிக்கையே இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தெருவுக்கே மனை விற்க ஒரே ஆள் கூப்பிடுகிறான் என்றால், தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அவன் எண்ணைப் போட்டுத் திட்டுவதற்குப் பதில் ஐந்து வீட்டுக்காரர்கள் 1909-க்கு ஆளுக்கொரு செய்தி அனுப்பினால் வேலை முடிந்தது. அழைப்பு எதைப் பற்றியது என்று ஒரு வரி, காற்புள்ளி, அந்த எண், காற்புள்ளி, தேதி. இவ்வளவுதான் புகார்.

ஒரு ஓட்டையையும் சொல்ல வேண்டும். நீங்களே சம்மதம் கொடுத்த நிறுவனத்துக்கு இந்தத் தடை பொருந்தாது. துணிக்கடையில் பரிசுக் கூப்பன், பொருட்காட்சியில் 'பேரும் நம்பரும் எழுதிட்டுப் போங்க சார்' என்று நீட்டும் நோட்டு, இவற்றில் எழுதிக் கொடுத்துவிட்டு யார் நம்பர் கொடுத்தது என்று கேட்பதில் பொருளில்லை. கூப்பனில் கார் விழுந்த ஆளை நான் இதுவரை பார்த்ததும் இல்லை.

அடுத்தது மோசடி அழைப்பு. "இன்னைக்கு ராத்திரி கரண்டு கட் ஆகிடும், இந்த நம்பருக்குப் பேசுங்க" என்ற செய்தி பழசாகியும் ஓய்ந்தபாடில்லை. புதுச்சேரியில் மின்சாரம் தருவது யூனியன் பிரதேசத்தின் மின்துறை. தமிழ்நாடு மின்வாரியத்தின் பெயரில் வில்லியனூருக்கு மிரட்டல் வந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஓய்வூதியக்காரர்களுக்கு 'லைஃப் சர்டிபிகேட் புதுப்பிக்கவில்லை, பென்ஷன் நின்றுவிடும்' என்ற அழைப்பு வரும். நெய்வேலியில் ஓய்வு பெற்றவர்களும் புதுச்சேரியின் அரசு ஓய்வூதியர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்: உயிர்வாழ் சான்றுக்காக ஓய்வூதிய அலுவலகம் யாரிடமும் போனில் ஓடிபி கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் டிராஃபிக் அபராதம் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் தொடவே தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபியை அவர்களே படித்துவிட முடியும்.

இவற்றைச் சொல்ல வேண்டிய இடம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி. தளம் 2023 மே மாதத்திலும், செயலி 2025 ஜனவரியிலும் வந்தன. அதிலுள்ள சக்ஷு பிரிவில் கடந்த 30 நாட்களுக்குள் வந்த அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எதையும் பதியலாம். வெளிநாட்டு அழைப்பு இந்திய எண் போல வேடம் போட்டு வந்தால் அதற்கும் தனிப் பிரிவு உண்டு. அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். இதைப் படிப்பவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள் என்பேன். உங்கள் எண்ணைத் தட்டி, ஓடிபி கொடுத்தால் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் 'என் எண் இல்லை' என்று குறிக்கலாம். ஒருவர் பெயரில் நம் பக்கம் அதிகபட்சம் 9 சிம். அதற்கு மேல் போனால் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் தடவைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று ஆரம்பிப்பார்கள். அல்லது உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது, டிராயிலிருந்து பேசுகிறோம் என்பார்கள். பிறகு வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் சின்னம், போனை வைக்கவே கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்ற கட்டளை. கடைசியில் 'சரிபார்ப்புக்காக' பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். இப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஒருவரை விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. டிராயும் யாரையும் போனில் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிப்பேன் என்று மிரட்டுவதில்லை. படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. போலீஸ், கோர்ட் என்று பழகாதவர்களுக்குத்தான் அந்தப் பெயரே நடுக்கம். பெற்றோர் தனியாக இருக்கும் வீடு என்றால், 'வீட்டில் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அவன் திருடன்' என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

தொல்லையில் வேறு ரகமும் உண்டு. வாங்கிய கடனுக்குத் தவணை தவறினால் வசூல் ஏஜெண்டு கூப்பிடுவது சட்டப்படி சரிதான். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் உத்தரவுப்படி, தவணை கடந்த கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, உறவினர்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் முதலில் கடன் கொடுத்த வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தகவலுக்கு 14448. ஒரு பெண் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவன் விடாமல் கூப்பிட்டால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் அது குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. இதற்கெல்லாம் 1909-க்குப் போகாதீர்கள், நேராகக் காவல் நிலையம்தான்.

எந்தக் காவல் நிலையம் என்பது நம் பக்கத்தில் கொஞ்சம் குழப்பமான கேள்வி. போனைப் பொறுத்தவரை புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில்தான் இருக்கின்றன. அதனால் 1909-இல் எந்த வித்தியாசமும் இல்லை. காவல்துறை மட்டும் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு. பாகூரில் வீடு, மஞ்சக்குப்பத்தில் வேலை, வங்கிக் கணக்கு கடலூரில் என்று இருப்பவர்கள், சைபர்கிரைம் தளம் மாநிலத்தைக் கேட்கும்போது தாங்கள் குடியிருக்கும் இடத்தைக் கொடுக்கலாம். பாகூர்க்காரர் புதுச்சேரி என்று போட வேண்டும். நேரில் போனால் 'இது எங்க எல்லை இல்லை' என்ற பதில் வரலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிந்தாக வேண்டும். பிறகு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். பதிவான முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நிறுத்தி வைத்த பணத்தை மீட்க நீதிமன்றத்தில் மனு போடும்போது அது தேவைப்படும்.