'அவுட்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

மாலை வகுப்பு, கோடை முகாம் என்று எதை நடத்தினாலும் முடிவில் ஓர் அறிக்கை எழுத வேண்டும், அதில் 'அவுட்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இத்தனை மையம், இத்தனை பிள்ளைகள், இத்தனை நாள் வகுப்பு என்று அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுகிறோம். இதெல்லாம் நாம் செய்த வேலை. பிள்ளையிடம் என்ன மாறியது என்று கேட்கத்தான் அந்தக் கட்டம்.

ஆங்கிலச் சொல்லில் பெரிய மர்மம் இல்லை, 'வெளியே', 'வா' என்ற இரண்டு சொற்கள் ஒட்டியது, ஒன்றிலிருந்து வெளிவந்தது என்று பொருள். தமிழில் இதற்கு விளைவு என்பதே சரியான சொல், பள்ளிக்கல்வியில் ஏற்கெனவே 'கற்றல் விளைவுகள்' என்றுதான் புழங்குகிறது. விளைதல் என்றால் பயிர் முற்றி மணி பிடிப்பது. விளைநிலம், விளைச்சல் எல்லாம் அதே வேர். பத்து மூட்டை விதைத்தேன், மூன்று முறை களை எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் "சரி, எத்தனை மூட்டை கண்டது?" என்றுதானே கேட்போம். அந்தக் கேள்விக்கான பதில்தான் விளைவு.

சிலர் 'பயன்' என்று எழுதுகிறார்கள். "கற்றதனால் ஆய பயனென்கொல்" என்ற குறள் காதில் இருக்கும்போது அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் பயன் என்றாலே நன்மை என்று ஆகிவிடுகிறது, ஒரு திட்டத்தால் ஒன்றுமே மாறவில்லை என்றால் அதையும் எழுத ஒரு சொல் வேண்டாமா? விளைவு நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. 'பின்விளைவு', 'பக்கவிளைவு' என்று கேட்டுக் கேட்டு அதில் கொஞ்சம் கெட்ட வாசம் ஏறியிருக்கிறது, பரவாயில்லை, புழங்கப் புழங்கப் போய்விடும்.

அப்புறம், விளைவையும் தாக்கத்தையும் ஒன்றாக்கக் கூடாது. இதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறே மாதத்தில் திரும்பியிருந்தது. இது விளைவு. அந்த மீட்சியில் இந்தத் திட்டத்தால் வந்தது ஏறத்தாழ 24 சதவீதம் என்று கணித்தார்கள். இதுதான் தாக்கம். மழையால் விளைந்தது எவ்வளவு, நாம் போட்ட உரத்தால் விளைந்தது எவ்வளவு என்று பிரிப்பது போல. 24 சதவீதம் என்பதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துக் கிடைத்தது அது, என் கணக்கில் மிகப் பெரியது.

அமெரிக்காவில் 2013 கோடையில் ஐந்து நகரங்களில் குலுக்கல் முறையில் பிள்ளைகளைக் கோடை வகுப்புகளில் சேர்த்துப் பார்த்தபோது கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது, வாசிப்பில் தெரியவில்லை. இரண்டையும் எழுதினார்கள். விளைவு என்ற சொல்லுக்கு நேர்மையாக இருப்பது அப்படித்தான்.

விளைவை அளக்கும் வேலைக்குப் பெயர் மதிப்பீடு. மதிப்பிடு என்பதில் 'இடு' நீண்டு 'ஈடு' ஆனது. கெடு, கேடு ஆவது போல, முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

எங்கள் தெருவில் ஒரு தன்னார்வலர் அக்கா திண்ணையில் வகுப்பு எடுத்தார். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி படிக்கச் சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு பையன் பெயருக்கு நேரே "எழுத்துக்கூட்டுகிறான், ணகரத்தில் நிற்கிறான்" என்று இருந்தது. நான்கு மாதம் கழித்து அதே வரிக்குக் கீழே "பஸ் போர்டு படிக்கிறான்" என்று எழுதியிருந்தார். அறிக்கையின் அந்தக் கட்டத்தில் போகவேண்டியவை இந்த இரண்டு வரிகள்தான், தேதியோடு.