ஒவ்வொரு ஹோர்னுக்கும் ஓடினால்

புதுக்குடியிருப்பில் ஒரு கல்வி நிலையத்துக்குப் பழைய நான்கு கோர் கணினியில் லினக்ஸ் போட்டு ரவுட்டராக்கி வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பெரிய வீடியோ அனுப்பினால் கணினி அலுங்காமல் வேலை செய்கிறது. அதையே சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக அனுப்பிப் பார்த்தேன், கால்வாசி வேகம்கூட வரவில்லை. வயர் ஒன்றுதானே?"

வயர் ஒன்றுதான் தம்பி. ஆனால் தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குச் செலவு அந்தப் பாக்கெட் கணக்கில்தான் விழும். ஒரு கிகாபிட் வயரில் முழு அளவுப் பாக்கெட்டுகள் செக்கனுக்கு ஏறத்தாழ 81,000 வரும். மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் என்றால் கிட்டத்தட்ட 14 இலட்சத்து 88 ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இடம் பிடித்து, தலைப்பை வாசித்து, எந்தப் பக்கம் அனுப்புவது என்று தேட வேண்டும். 10 கிகாபிட்டில் ஒரு சிறு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நனோசெக்கன் மட்டுமே.

பாக்கெட் வந்ததும் நெட்வொர்க் காட் அதை நினைவகத்திலுள்ள ஒரு வட்ட வரிசையில் எழுதிவிட்டு, செய்யும் வேலையை நிறுத்தச் சொல்லும் இன்டரப்ட் சைகை கொடுத்து சிபியுவைக் கூப்பிடும். இது படித்த விஷயம்தான். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது.

மாசி மாதம், காலபோக அறுவடை நேரம். பரந்தன் பக்கம் ஒரு நெல் களஞ்சியம். இறக்குவது, நிறுப்பது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். வாசலில் உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்தால் தராசை விட்டுவிட்டு ஓடி, மூட்டையை இறக்கி முற்றத்தில் போடுவார். நாளுக்கு நாலு பேர் வந்தால் நல்ல ஏற்பாடு. நிமிடத்துக்கு நாலு பேர் வந்தால்? நாள் முழுக்க ஓடுவார், ஒரு மூட்டைகூட நிறுபடாது. முற்றம் நிரம்பியதும், கஷ்டப்பட்டு இறக்கிய மூட்டையையே வெளியே எறிய வேண்டிவரும். கணினியில் இதற்குப் பெயர் ரிசீவ் லைவ்லொக். சிபியு 100 வீதம் உழைக்கும், வெளியே போகும் பாக்கெட் பூச்சியம். மோகல், ராமகிருஷ்ணன் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 1996இல் இதை அளந்து காட்டி, மருந்தும் சொன்னார்கள்.

லினக்ஸில் அந்த மருந்தின் பெயர் நாப்பி. முதல் ஹோர்னுக்கு மட்டும் ஆள் வெளியே வருவார். வந்ததும் "இனி யாரும் அடிக்க வேண்டாம், வரிசையில் நில்லுங்கள், நானே வருகிறேன்" என்று சொல்லிவிடுவார். அதாவது, காட்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அந்த காட்டின் இன்டரப்ட்டை மூடிவிடும். பிறகு கேர்னல் தானாகப் போய், ஒரு தடவைக்கு 64 பாக்கெட் வரை எடுத்து, முழுவதும் முடித்து அனுப்பும். 64உம் கிடைத்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், திரும்ப வரும். குறைவாகக் கிடைத்தால் வரிசை காலி, இன்டரப்ட்டைத் திறந்துவிடும். சிறுபோகத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, பல காட்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு வழக்கமான வரம்பு 300 பாக்கெட்.

இதில் அழகு எது தெரியுமா? வரிசை நிரம்பினால் புதிய பாக்கெட்டை காட்டே கைவிட்டுவிடும். சிபியுவுக்கு அது வந்ததே தெரியாது. தொலையப்போகும் பாக்கெட்டுக்கு ஒரு துளி உழைப்பும் செலவாகாது, எடுத்த பாக்கெட் கடைசிவரை போய்ச் சேரும். சுமை குறைந்தால் ஹோர்ன் அடிப்பது, கூடினால் தானே போய்ப் பார்ப்பது. இரண்டுக்கும் இடையில் மாறச் சொல்லி யாரும் கட்டளையிடுவதில்லை, வரிசையின் நீளமே அதைத் தீர்மானிக்கிறது.

2001இல் இந்த வடிவமைப்பைக் கட்டுரையாக எழுதிய மூவர் ஜமால் ஹாதி சலீம், ரொபர்ட் ஒல்சன், அலெக்ஸி குஸ்நெட்சோவ். இவர்களில் ஒல்சன் ஸ்வீடனில் ஒரு விவசாயப் பல்கலைக்கழகத்தோடும் தொடர்புடையவர். எங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்த வகை ஆராய்ச்சிக்கு இரண்டு கணினி, இரண்டு நல்ல காட், ஒரு வயர் போதும். திறப்பு விழாவுக்கு ஏற்ற பெரிய இயந்திரங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, தம்பியின் பெட்டிக்கு வருவோம். இன்றைய லினக்ஸில் நாப்பி ஏற்கெனவே இருக்கிறது. அதனால் என் சந்தேகம் வேறு: பழைய காட்டுக்கு ஒரே வரிசைதான் இருக்கும், அதனால் சிபியுவின் நான்கு கோர்களில் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும். 'ப்ரொக்' அடைவில் 'நெட்' என்பதற்குள் 'சொஃப்ட்நெட் ஸ்டாட்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கோர். முதல் நிரல், அந்தக் கோர் கையாண்ட பாக்கெட்டுகள். மூன்றாவது, வேலை மிச்சமிருக்க முறை முடிந்துபோன தடவைகள். ஒரு வரியில் மட்டும் எண் ஏறினால் வந்த பாக்கெட்டுகளை மென்பொருளிலேயே பிரித்துக் கொடுக்கும் ஆர்பிஎஸ் என்ற லினக்ஸ் வசதியைப் போட்டு வேலையை மற்றக் கோர்களுக்கும் பகிருங்கள். அதற்குப் புதுக் காட் வாங்கத் தேவையில்லை. எல்லா வரியும் சமமாக ஏறியும் வேகம் வரவில்லை என்றால் அந்த எண்களை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.