பிசிஓஎஸ்: எந்த மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

ஸ்கேன் அறிக்கையில் 'சினைப்பையில் நீர்க்கட்டிகள்' என்று பார்த்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "கட்டியை எடுத்துவிட முடியாதா டாக்டர்?" என்பதுதான். எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. திரையில் ஓரமாக வரிசைகட்டித் தெரியும் கறுப்புப் புள்ளிகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் இருக்கும். மாதாமாதம் அவற்றில் ஒன்று மற்றவற்றை முந்தி, சுமார் 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து முட்டையை வெளியே விட வேண்டும். பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) எனும் இந்த ஹார்மோன் கோளாறில் பல மாதங்கள் எதுவும் முந்துவதில்லை. ஏன் முந்துவதில்லை என்று புரிந்தால், கையில் இருக்கும் மாத்திரைச் சீட்டும் புரியும்.

அந்தப் பையின் சுவரைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். அதில் இரண்டு அடுக்கு செல்கள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் எல்ஹெச் ஹார்மோன் தூண்ட, வெளியடுக்கு ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. ஆண் ஹார்மோன் என்று சொன்னாலும் அது எல்லாப் பெண்களின் உடலிலும் உண்டு. ஈஸ்ட்ரோஜனே அதிலிருந்துதான் உருவாகிறது. அப்படி மாற்றுவது உள்ளடுக்கின் வேலை, அதைத் தூண்டுவது பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்எஸ்ஹெச். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு எல்ஹெச் கூடுதலாகவும் எஃப்எஸ்ஹெச் அதற்கு ஈடில்லாமலும் இருக்கும். வெளியடுக்கு தயாரித்துத் தள்ளுவதை உள்ளடுக்கால் மாற்றி முடிக்க முடிவதில்லை. மிஞ்சிய ஆண்ட்ரோஜன் தாடையில் முடியாகவும், முகத்தில் பருவாகவும், உச்சந்தலையில் முடி உதிர்வாகவும் தெரிகிறது.

இன்சுலின் இதில் எங்கே வருகிறது? தசைகள் அதன் பேச்சைச் சரியாகக் கேட்காததால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ஆனால் சினைப்பை அதன் பேச்சை நன்றாகவே கேட்கிறது! அதனால் வெளியடுக்கு மேலும் வேகமெடுக்கிறது. அதே நேரம், ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுவதால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கூடுகிறது. பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் அது பெரும்பாலும் இந்த மிகை இன்சுலினின் அடையாளம். தேய்த்துக் குளித்தால் போகும் அழுக்கு இல்லை.

இன்னொரு சுற்றும் உண்டு. முட்டை வெளியேறினால்தான் ப்ரொஜெஸ்டிரோன் சுரக்கும். அதுதான் எல்ஹெச்சைத் தூண்டும் மூளைத் துடிப்பை நிதானப்படுத்தும். முட்டையே வராவிட்டால் துடிப்பு வேகமாகவே இருக்கும். எல்ஹெச் குறையாது, ஆண்ட்ரோஜனும் குறையாது.

சரி, இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது? கருத்தடை மாத்திரை எல்ஹெச்சை அடக்குகிறது, பிடித்து வைக்கும் அந்தப் புரதத்தைக் கூட்டுகிறது. அதைச் சாப்பிடும்போது வரும் மாத ரத்தப்போக்கு, மாத்திரை ஹார்மோன் நிற்பதால் வருவது. சினைப்பை சரியாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. நிறுத்தினால் பழைய நிலை திரும்புவது சகஜம். அதற்காக மாத்திரை வீண் என்று நினைத்துவிடக் கூடாது. முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்சுவர் ஈஸ்ட்ரோஜனால் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படி விட்டால் அங்கே புற்றுநோய் அபாயம் கூடுகிறது. அதைத் தடுக்க மாத்திரை உதவுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வரவில்லையென்றால், வலிதான் இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள்.

மெட்ஃபார்மின் இன்சுலின் பக்கம் வேலை செய்கிறது. வயிற்றுப்போக்குக்குப் பயந்து பலர் பாதியில் விடுகிறார்கள். குறைந்த அளவில், சாப்பாட்டோடு தொடங்கி மெல்லக் கூட்டினால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். குழந்தை வேண்டுவோருக்கு முதல் தேர்வு லெட்ரோசோல். அது சில நாட்கள் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க, மூளை எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டுகிறது, ஒரு பை முந்துகிறது. 750 பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1 சதவீதம். முகத்து முடிக்கான மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் கழித்தே எடைபோட வேண்டும், முடி வளரும் சுழற்சி அவ்வளவு மெதுவானது. அதற்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் கருத்தடையோடு மட்டுமே எடுக்க வேண்டும்.

எடை குறைந்தால் பலருக்குப் பலன் உண்டு, உண்மைதான். ஆனால் ஒல்லியான பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை வருகிறது. "எடையைக் குறைத்துவிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவதைச் சிகிச்சை என்று என்னால் ஏற்க முடியவில்லை. 'ஹார்மோன் இம்பேலன்ஸ்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும் விடாதீர்கள். எந்த ஹார்மோன், எவ்வளவு என்று கேளுங்கள். தைராய்டு, ப்ரோலாக்டின் கோளாறுகளிலும் மாதவிடாய் தள்ளிப்போகும். அவை இல்லையென்று உறுதி செய்த பிறகு, ஒழுங்கற்ற மாதவிடாய், கூடுதல் ஆண்ட்ரோஜன், ஸ்கேனில் தெரியும் பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ். 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஸ்கேனுக்குப் பதில், அந்தச் சிறு பைகள் சுரக்கும் ஏஎம்ஹெச் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையையும் பெரியவர்களுக்கு ஏற்கிறது. பூப்பெய்திய முதல் எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேனையோ ஏஎம்ஹெச்சையோ வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் நிறையப் பைகள் தெரிவது இயல்பு.

அப்புறம், சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தால் சிலருக்குப் பிரச்சினை பிடிபடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே துல்லியம். ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்க்கச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் அதிகம் என்பதால் அதையும் மருத்துவர் விசாரிக்க வேண்டும் என்கிறது. அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.